பர்னபாஸ் அண்ணனின் வலது கை

எங்கள் கடையில் பர்னபாஸ் அண்ணனுக்கு மட்டும் நான் எதையும் கையில் கொடுப்பதில்லை. மேசைமேல் வைத்துவிடுவேன், அவர் எடுத்துக்கொள்வார். முன்பு ஒரு தடவை தெரியாமல் அவருடைய வலது கையில் முட்டையை வைத்துவிட்டேன். வைத்த மாத்திரத்தில் அந்தக் கை வெடுக்கென்று மேலே போனது. முட்டை கல்லாப்பெட்டி மேல் விழுந்து உடைந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாய்க்கு வந்தபடி கத்தினேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போல சீனி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பர்னபாஸ் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கல்லாப்பெட்டியைத் துடைத்துவிட்டுப் போனார்.

பிறகுதான் கவனித்தேன். அந்தக் கை சும்மா இருக்கும்போதும் அப்படித்தான் செய்தது. டீ குடித்துக்கொண்டிருப்பார், திடீரென்று விரல்கள் எதையோ பற்றிக்கொள்வதுபோல மூடும், முழங்கை பின்னால் போகும். கோயிலில் பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு போவார். டாக்டர் நரம்புக் கோளாறு என்று சொல்லி மாத்திரை எழுதினார். அவருடைய தங்கச்சி இசபெல்லா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். எதற்கும் அந்தக் கை மசியவில்லை.

எங்கள் ஊர் திரேஸ்புரமே அவரைப் பணிவானவர் என்று மெச்சியது. கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் நிற்பார். இசபெல்லா வீட்டில் நாற்காலி போட்டால் உட்காரமாட்டார், வாசற்படியில் குந்துவார். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி. கல்யாணமே கட்டிக்கொள்ளாமல், சம்பாத்தியத்தை எல்லாம் தங்கச்சி குடும்பத்துக்கே கொட்டினார். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால், அடிபட்டவரைப்போல முகம் சுருங்கி அந்த இடத்தைவிட்டே போய்விடுவார். ‘இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா’ என்பார்கள். எனக்கு மட்டும் அது எரிச்சலாக இருக்கும். பணிவுக்கும் ஒரு அளவு வேண்டாமா? ஆளைப் பார்த்தால் அடக்கமானவர் மாதிரி தெரியவில்லை, யாரோ துரத்தி ஒளிந்திருப்பவர் மாதிரி இருந்தார்.

நான் கடல்காரி இல்லை. சாயர்புரம் பக்கத்துத் தேரிக்காட்டில் பிறந்து, இங்கே வாக்கப்பட்டு வந்தவள். சங்கு குளிக்கிறவர்களின் வழக்கமெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. முத்துக் குளித்த காலத்திலிருந்தே, கடலுக்கு அடியில் போகிறவனின் கயிற்றை மேலே இருந்து பிடிக்கிறவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டுமாம். அண்ணன் தம்பியை நம்பமாட்டார்கள், சொத்துத் தகராறு வந்துவிடும். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் என்றால் தன் தங்கச்சியைத் தாலியறுக்க விடமாட்டான், அதுதான் கணக்கு. இப்போது கயிறு போய் ஓஸ் குழாய் வந்துவிட்டது. வள்ளத்தில் கம்ப்ரஸர் ஓடும், அதிலிருந்து காற்று வரும் ஓஸைப் பல்லில் கடித்து மூச்சு விட்டுக்கொண்டு கீழே போய்ச் சங்கு பொறுக்குவார்கள். மேலே இருக்கிறவர் ஓஸைக் கையில் பிடித்திருப்பார். கீழே இருந்து மூன்று தடவை இழுத்தால், உடனே தூக்கு என்று அர்த்தம். எல்லாம் மாறியும் மச்சான் மட்டும் பல வள்ளங்களில் மாறவில்லை.

இசபெல்லாவின் புருஷன் ஜெனோவுக்கு ஓஸ் பிடித்தவர் பர்னபாஸ் அண்ணன். ஜெனோ ஒரு கேலிக்காரர். என் கடைக்கு வந்தால் சோப்பை முகர்ந்து பார்த்து, ‘கருப்பட்டியா இது?’ என்று கேட்டு என் வாயைக் கிளறாமல் போகமாட்டார். அதிலும் மச்சான் என்றால் விடுவாரா? கேலிக்கென்றே ஏற்பட்ட முறை அது. கடலுக்கடியில் இருந்துகூட வம்பு செய்வார். மூன்று தடவை ஓஸை இழுப்பார். பர்னபாஸ் அண்ணன் பதறியடித்துத் தூக்குவார். ஜெனோ தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி, ‘ஒண்ணுமில்ல மச்சான், பீடி இருக்கான்னு கேக்க வந்தேன்’ என்பார். கரைக்கு வந்த பிறகும் அதைச் சொல்லிச் சொல்லி வள்ளமே சிரிக்கும். நானும் கல்லாவில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் காற்று திரும்பி, எஞ்சின் புகை கம்ப்ரஸருக்குள் போய்விட்டது. ஜெனோவைத் தூக்கியபோது உயிர் இல்லை. கீழே இருந்து இழுப்பே வரவில்லை, மச்சான்தான் சந்தேகப்பட்டுத் தூக்கினான் என்று ஊரில் சொன்னார்கள். அன்றோடு பர்னபாஸ் அண்ணன் வள்ளத்தில் ஏறுவதை நிறுத்தினார். இசபெல்லா கைக்குழந்தை அனிஷாவோடு நின்றாள். அழுகைக்கு நடுவிலும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீ இல்லேன்னா இவரு உடம்புகூட வீட்டுக்கு வந்திருக்காதே’ என்றாள். அந்த நன்றியை அதற்குப் பிறகும் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கல்லறைத் திருநாளில் கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்தியதும் அண்ணன் பக்கம் திரும்பி அதையே சொல்லுவாள், அது ஒரு செபம்போல ஆகிவிட்டது.

அனிஷா வளர்ந்தாள். போன வருஷம் புன்னைக்காயல் பையன் கிளைட்டனைக் கட்டிக்கொண்டாள். அவனும் சங்கு குளிக்கிறவன். அதே சமயத்தில்தான் பர்னபாஸ் அண்ணனுக்குக் கப்பல் காவல் வேலை கிடைத்தது. ஏதோ ஒரு சரக்குக் கப்பல் வழக்கில் மாட்டி, வெளித் துறைமுகத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்தது. முதலாளி கைகழுவிவிட்டார். பர்மாக்காரர்கள் கொஞ்சம் பேர் சம்பளம் இல்லாமல் அதில் தவித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரும் அரிசியும் லாஞ்சில் போகும். அண்ணன் அந்த லாஞ்சில் ஏறிப் போய், சில நாள் கப்பலில் இருந்துவிட்டு வருவார்.

அங்கே இருந்து வந்தவர் ஒரு நாள் என்னிடம் ஊதுபத்தி கேட்டார். கத்தோலிக்க மனுஷன், மெழுகுவர்த்திதான் வாங்குவார். ‘என்ன அண்ணே, எங்க சாமி பக்கம் வந்துட்டீங்களா?’ என்றேன்.

‘கப்பல் சமையல்காரனுக்குளா. பேரு சோ லின். அடுப்பங்கரையில அரிசி மூட்டைக்கு மேல பலகை அடிச்சு, சின்னதா ஒரு புத்தர் வச்சிருக்கான்.’

சோ லின் பர்மாவின் மோல்மீனில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவனாம். அடுப்படித் தமிழ் கொஞ்சம் தெரியும். அண்ணனைவிட வயதில் ரொம்பச் சின்னவன். விடிந்ததும் கப்பல் தளத்தில் அட்டைப் பெட்டியை மடித்துப் போட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பானாம். சோறு வடித்ததும் முதல் கரண்டி புத்தருக்கு. சாப்பிடுவதற்கு முன்னால், தண்ணீர் கொண்டுவந்தவருக்கு, அரிசி கொண்டுவந்தவருக்கு, அடுப்பு மூட்டியவருக்கு என்று பேர் பேராகச் சொல்லித் தலை குனிவானாம். தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்த பர்னபாஸ் அண்ணனையும் அவன் கும்பிட்டான். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. கேனை அப்படியே வைத்துவிட்டுத் தளத்தின் மறுபக்கம் போய்விட்டாராம்.

‘அவ்வளவு சாந்தமான ஆளா?’ என்று கேட்டேன்.

‘சாந்தமா? சம்பளம் வரலன்னு முந்தாநாளு சட்டியத் தூக்கி எறிஞ்சாம்லா. பொறவு போயி உக்காந்தான். என்னடேன்னு கேட்டா, “கோவம் வந்துச்சு. பாத்தேன். போச்சு”ங்கான்.’

இப்படி ஒரு சாமியாரை எனக்குப் பிடித்துப்போயிற்று. மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் நானும் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தேன். மூச்சு தெரியவில்லை, பருப்பு விலைதான் தெரிந்தது. பர்னபாஸ் அண்ணன் அதில் என்னைவிடத் தேறினார். சோ லின் பக்கத்திலேயே ஒரு அட்டையைப் போட்டு உட்காரத் தொடங்கினார். அவர் வேதம் மாறிவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. அப்படிப் பேசிய ஒருத்தியை நான் கடை வாசலிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

ஆனால் அவர் அங்கே உட்கார்ந்தது சாமிக்காக இல்லை, கைக்காக. மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் கை இன்னும் அதிகமாக இழுத்ததாம். ‘இதை விரட்ட வழி சொல்லுடே’ என்று சோ லினிடம் கேட்டிருக்கிறார். அவன் தலையை ஆட்டி, ‘விரட்டாத. வந்த ஆளை உக்கார வை. இழுக்குது, தெரியும், சொல்லு’ என்றானாம். சொன்னால் போய்விடுமா என்று கேட்டதற்கு, ‘தெரியாது. என் அம்மா செத்தது நான் கடல்ல இருந்தேன். அம்மா இன்னும் வருது. நான் சோறு போடுது’ என்றானாம். இதை என்னிடம் சொன்னபோது அண்ணனின் வலது கை மேசைமேல் இருந்தது. விரல்கள் மூடின. ‘இழுக்குது’ என்று மெதுவாகச் சொன்னார்.

சங்குக்காலம் நெருங்கியது. கிளைட்டனுக்கு ஓஸ் பிடிக்க ஆள் வேண்டும். அனிஷாவுக்கு உடன்பிறந்தவன் இல்லை. இசபெல்லா யோசிக்கவே இல்லை. ‘அண்ணே, நீதான் பிடிக்கணும். நீ மேல இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்’ என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில் பர்னபாஸ் அண்ணன் கடைக்கு வந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உள்ள புதுக்கோட்டைக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார். அண்ணன் எதுவும் வாங்கவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

‘ஏளா ராணி, ஜெனோ அன்னைக்கு இழுத்தான்.’

எனக்குப் புரியவில்லை. ‘எதை?’ என்றேன்.

‘ஓஸை. மூணு தடவ இழுத்தான். வழக்கம்போல வெளாடுதான்னு நெனச்சேன். அன்னைக்குக் காலையிலயே ரெண்டு தடவ ஏமாத்திட்டாம்லா. இப்பவும் ஏமாறணுமான்னு, நானும் இங்கன இருந்து மூணு தடவ திருப்பி இழுத்தேன். இழுத்துட்டு, அவன் திருப்பி இழுப்பான், வெளிய வந்ததும் என்ன சொல்லி வையலாம்னு யோசிச்சிட்டு இருந்தேன். பீடி பத்த வச்சேன். பீடி முடியிற வரைக்கும் இழுப்பு வரல.’

கடைக்கு வெளியே ஒரு மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

‘ஃபாதர்ட்ட சொல்லலியா?’ என்று கேட்டேன்.

‘சொன்னேன். பாவம் போச்சுன்னாரு. கை போகல. இசபெல்லாட்ட சொல்லாம நான் எப்படி அந்த ஓஸைப் பிடிப்பேன்? அவ நன்றி சொல்லுத ஒவ்வொரு தடவையும் கீழ இருந்து இழுக்குதான், ராணி.’

எனக்குக் கோபம் வந்தது. ஜெனோ மேலா, இவர் மேலா, அந்தப் பர்மாக்காரன் மேலா என்று தெரியவில்லை. ‘பேசாம இருங்க’ என்றேன். ‘சொல்லி என்னத்தக் கிழிக்கப் போறீங்க? உங்க மனசு லேசாகணும்னு அவ தலையில பாரத்தை ஏத்துவீங்களா? அவளுக்கு ஆதரவுன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. அதையும் கெடுக்காதீங்க. கை வலிக்குதுன்னு சொல்லி ஓஸை வேற ஆளுட்ட குடுங்க.’

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். நான் சொன்னது சரி என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வாரமே கப்பல்காரர்களுக்கு ஒரு வழி பிறந்தது. ஊருக்கு அனுப்ப ஏற்பாடாகிவிட்டது. கடைசி நாள் லாஞ்சில் இறங்குவதற்கு முன்னால் சோ லின் அண்ணனைக் கும்பிட்டிருக்கிறான். அண்ணன் அவன் கையைப் பிடித்துத் தடுத்து, ‘எனக்கு நன்றி சொல்லாதடே, நான் யாருன்னு ஒனக்குத் தெரியாது’ என்று ஜெனோ கதையை அங்கேயே சொல்லிவிட்டார். அவன் முழுவதும் கேட்டான். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் கையைக் கூப்பி, ‘நீ தண்ணி கொண்டுவந்துச்சு. அதுக்கு’ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அண்ணன் இதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். ‘செஞ்சதுக்கு மட்டும் நன்றி. அவ்வளவுதான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இசபெல்லா நான் செய்யாததுக்குல்லா நன்றி சொல்லுதா. அத வாங்கி வாங்கித்தான் நான் இப்படிக் குனிஞ்சு போனேன். எல்லாரும் பணிவுங்காவ.’

கல்லறைத் திருநாள் வந்தது. கிளைட்டனும் அனிஷாவும் அவர்கள் பக்கத்துக் கல்லறைக்குப் புன்னைக்காயல் போயிருந்தார்கள். இசபெல்லா என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். மெழுகுவர்த்திக் கட்டை நான் தூக்கிக்கொண்டு போனேன். சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சனம். சாம்பிராணிப் புகையும் சம்மங்கி வாசமும், பிள்ளைகளின் சத்தமும். ஜெனோவின் கல்லறையை இசபெல்லா கழுவித் துடைத்து, பூப் போட்டு, ஒவ்வொரு மெழுகுவர்த்தியாகக் கொளுத்தினாள். கடைசியை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். ‘நீ இல்லேன்னா இவரு உடம்புகூட…’ என்று தொடங்கினாள்.

‘சொல்லாத, இசபெல்லா’ என்றார் அவர். ‘அவன் இழுத்தான். மூணு தடவ இழுத்தான். நான் வெளாட்டுன்னு நெனச்சுத் திருப்பி இழுத்தேன். தூக்கல.’

நான் வேண்டாம் வேண்டாம் என்று மனதுக்குள் கத்தினேன். மெழுகு உருகி இசபெல்லாவின் விரலில் வழிந்தது. அவள் அதை உதறக்கூட இல்லை.

‘திருப்பி இழுத்தப்ப நீ சிரிச்சியா?’ என்று கேட்டாள்.

‘சிரிச்சேன்.’

அவள் மெழுகுவர்த்தியைக் கல்லறைமேல் ஊன்றினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் சனத்துக்குள் நடந்து போய்விட்டாள். பர்னபாஸ் அண்ணன் அங்கேயே நின்றார். வலது கை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டால் அது நின்றுபோகும் என்று நான்கூட ஒரு நப்பாசையில் இருந்தேன்.

அதற்குப் பிறகு இசபெல்லா வீட்டுக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அவர் வாங்கி வைத்த மீன் வாசலிலேயே கிடந்து பூனைக்குப் போனது. கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுப் பலகாரம் எல்லோருக்கும் வந்தது, அவருக்கு வரவில்லை. அனிஷா கடையில் நின்று அழுதாள். அண்ணன் எந்த வீட்டு வாசலிலும் போய்க் கெஞ்சவில்லை. காலையில் கடற்கரையில் அட்டையைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதுகு நிமிர்ந்துவிட்டது. கோயிலில் தூணுக்குப் பின்னால் நிற்காமல் எல்லோரையும்போல நடுவில் நின்றார். இழக்க வேண்டியதை இழந்துவிட்ட மனுஷனுக்கு ஒளிவதற்கு என்ன இருக்கிறது?

கிறிஸ்துமஸ் கழிந்து கடல் தெளிந்தது. நாளை வள்ளம் இறங்கப்போகிறது என்ற அன்று இசபெல்லா கடைக்கு வந்தாள். ‘ஒனக்கு முன்னாலயே தெரியுமா?’ என்று கேட்டாள். தெரியும் என்றேன். சொல்லவேண்டாம் என்று தடுத்தவளே நான்தான் என்றும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மேசைமேல் கிடந்த தீப்பெட்டியை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

‘அவரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்லுவாருல்லா, இன்னைக்கு ஒங்க அண்ணன எப்படி ஏமாத்தினேன் தெரியுமான்னு. நடிச்சுக் காட்டுவாரு. நான் வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிப்பேன். நாளைக்கும் செய்ங்கன்னு சொல்லுவேன். நானும்தான் சிரிச்சேன், ராணி. அந்தச் சிரிப்ப நான் யாருட்டப் போயிச் சொல்ல?’

அவள் என் எதிரிலேயே அழுதாள். நானும் அழுதேன். சீனி மூட்டைக்குப் பின்னால் என் வீட்டுக்காரரும் மூக்கைச் சிந்தினார்.

மறுநாள் விடிந்தபோது நானும் கரைக்குப் போனேன், கடையைத் திறக்காமல். வள்ளம் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. கிளைட்டன் கம்ப்ரஸரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஓஸ் பிடிக்க வேறு ஒருவரைக் கூட்டி வந்திருந்தான். கொஞ்ச தூரத்தில் அட்டைமேல் பர்னபாஸ் அண்ணன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இசபெல்லா வள்ளத்தில் கிடந்த ஓஸ் சுருளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடந்துபோய் அவர் முன்னால் நின்றாள். நிழல் விழுந்ததும் அவர் கண்ணைத் திறந்தார்.

‘மன்னிச்சிட்டேன்னு சொல்லமாட்டேன்’ என்றாள் இசபெல்லா. ‘அது வரும்போது வரட்டும். இனிமே ஒனக்கு நன்றியும் சொல்லமாட்டேன். இந்தா, பிடி.’

அவர் கையை நீட்டவில்லை. ‘கை இன்னும் இழுக்குதும்மா. நிக்கல. கீழ இருந்து இழுப்பு வந்தா, எது ஜெனோ, எது இவன்னு எனக்குத் தெரியாது. தெரியாதவன் கையில குடுக்காத.’

‘தெரிய வேண்டாம். தெரியும்னு நெனச்சுத்தான அன்னைக்கு விட்ட. இழுத்தா தூக்கு. அவரா இவனான்னு பாக்காத. ஊரே சிரிச்சாலும் தூக்கு. கிளைட்டன் ஒனக்கு மச்சான் இல்ல, மகன் முறை. மகன்ட்ட யாரும் வெளாடமாட்டாவ.’

அவர் இரண்டு கையாலும் அந்தச் சுருளை வாங்கினார்.

அன்றிலிருந்து அவர்தான் பிடிக்கிறார். சங்குக்காலம் முழுக்கத் திரேஸ்புரத்துக்குச் சிரிப்பு. கிளைட்டன் இறங்கி ஒரு சங்கைத் தொடுவதற்குள் மேலே தூக்கிவிடுகிறார். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, ‘என்னாச்சு மாமா?’ என்றால், ‘இழுத்துச்சு, தூக்கினேன்’ என்பார். பெண்டாட்டி கூப்பிடுகிற மாதிரியே அவனும் மாமா என்றுதான் கூப்பிடுகிறான். பக்கத்து வள்ளத்துக்காரர்கள் பயந்தாங்கொள்ளி என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர்கள் கூடை நிறைந்து வரும்போது இவர்கள் கூடை பாதியாக வரும். பர்னபாஸ் அண்ணன் அதற்காகத் தலையைத் தொங்கப் போடுவதும் இல்லை, யாரிடமும் காரணம் சொல்வதும் இல்லை. சாயங்காலம் வள்ளம் திரும்பும்போது இசபெல்லா கரையில் நிற்பாள். பேசமாட்டாள். கிளைட்டன் இறங்கியதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பை அண்ணன் பக்கம் நீட்டுவாள். அவர் வாங்கிக் குடிப்பார். அன்றன்றைக்கு அவ்வளவுதான் கணக்கு. இருட்டிய பிறகும் சில நாள் அந்தக் கை இழுக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். முன்பு போர்வைக்குள் ஒளித்துக்கொள்வாராம். இப்போது எழுந்து உட்கார்ந்து, ‘வா மாப்ள’ என்று ஜெனோவைக் கூப்பிடுகிறாராம். எனக்கு அதைக் கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அண்ணன், இசபெல்லா, கிளைட்டன் மூன்று பேரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். கிளைட்டன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு நல்ல சங்கு கண்ணில் பட்டும் எடுக்கவிடாமல் தூக்கிவிட்டார் போல.

‘நீங்களே கேளுங்க அத்தை’ என்றான் மாமியாரிடம். ‘காத்துல ஏதோ புகை வாடை அடிக்குன்னு நான் இழுத்தது ஒரே ஒரு வாட்டி. மாமா எத்தன வாட்டி தூக்கினாருன்னு கேளுங்க.’

இசபெல்லா துவரம்பருப்பை உள்ளங்கையில் போட்டு, கல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

‘மத்ததெல்லாம் ஒன் மாமனாரு இழுத்தது’ என்றாள்.

கிளைட்டன் சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பர்னபாஸ் அண்ணன் தம்முடைய வலது கையைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார். நான் அவருடைய முட்டையைப் பையில் போட்டு மேசைமேல் வைத்தேன்.